பேர் வெட்டிய ஹார்ட் டிஸ்க்

1

போன வாரம் எங்கள் வீட்டு வாக்குவம் கிளீனர் மூச்சை நிறுத்திக்கொண்டது. பழுது பார்க்கக் கொடுக்கப் போனால் ஒரு படிவத்தை நீட்டினார்கள். இந்த நாட்டில் செத்த சாமானுக்கும் படிவம் உண்டு. பெயர், முகவரி, என்ன பழுது, எப்போதிலிருந்து பழுது என்று எல்லாம் எழுதி முடித்தால் கடைசியில் ஒரு கட்டம்: பொருளில் அடையாளக் குறிகள் ஏதேனும் உண்டா?

நான் யோசிக்காமல் எழுத ஆரம்பித்தேன். அடிப்பக்கத்து ஸ்க்ரூ ஆறிலும் சிவப்பு நெயில் பாலிஷ். மூடிக்கு உள்ளே மஞ்சள் நூல். இடது சக்கரத்தின் பின்னால் ஒரு பொட்டுக் குங்குமம். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். அங்கே நின்ற பெண் படித்துப் பார்த்துவிட்டு, இது ஏதாவது மதச் சடங்கா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

இல்லை, கோயமுத்தூர்ப் பழக்கம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் கணக்குப் போட்டேன். அப்பா இங்கே வந்து இருந்துவிட்டுப் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இந்தப் பெருமையெல்லாம் அவரைத்தான் சேரும். அவருடைய புண்ணியத்தில் நாங்கள் வசிக்கும் கவென்ட்ரி நகரத்தின் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் வாழ்க்கையில் நான் செய்த குழப்படியை இந்தக் குறிப்பில் எழுதிவிடுகிறேன். வேறு யாராவது போய் ஊரில் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுவது நல்லது.

2

என் பெயர் சாந்தாமணி. இங்கே அந்தப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. விமானத்தை விட்டு இறங்கிய வாரமே ஒரு படிவத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் குடும்பத்துக்கு ஏது பெயர்? இனிஷியல்தான் உண்டு, ரா. சாந்தாமணி என்றேன். ஓர் எழுத்தையெல்லாம் குடும்பப் பெயராகப் போட முடியாது என்று வீட்டுக்காரர் பெயரை எடுத்து என் வாலில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் மிஸஸ் பழனிசாமி. அதையும் முழுதாகச் சொல்ல வாய் வராமல் மிஸஸ் சாமி ஆக்கிவிட்டார்கள். பல் டாக்டர் வரவேற்பறையில் 'மிஸஸ் சாமி' என்று கூப்பிட்டால் இன்றைக்கும் யாரையோ என்று முதலில் அக்கம்பக்கம் பார்ப்பது நான்தான்.

வந்த புதிதில் வேலை கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் ஒரு பழைய லேப்டாப் வாங்கினோம். செங்கல் கனம், ஆட்டுக்கல் சத்தம். அதில் தமிழில் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. தமிழ் எழுத்துரு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் நானே வரைய உட்கார்ந்தேன். அ, ஆ என்று ஒவ்வோர் எழுத்தாகப் புள்ளி வைத்து, வளைத்து, திருத்தி. 'ஞ' ஒன்றுக்கே ஒரு வாரம். எல்லாம் முடிய ஒன்றரை வருஷம் ஆனது.

விஷயம் எப்படியோ இங்கிருக்கும் தமிழ்ச் சங்கத்துக்குத் தெரிந்துபோய், பொங்கல் மலரை நீங்களே அடித்துக் கொடுங்கள் என்று என் தலையில் கட்டினார்கள். நாற்பது குடும்பங்களின் கட்டுரை, கவிதை, ரசம் வைக்கும் முறை, எல்லாவற்றையும் அடித்தேன். எழுத்துரு, மலர், இரண்டும் அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. பிளாப்பியில் நகல் எடுத்து வைத்தாயா என்று கேட்பீர்கள். நாளைக்கு எடுக்கலாம் என்று இருந்தேன்.

3

அப்பா பெயர் ராமசாமி. பெரியநாயக்கன்பாளையத்தில் தோட்டமும், பம்ப்செட் உதிரி பாகம் செய்யும் சின்ன ஒர்க்‌ஷாப்பும் உண்டு. மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்தார். அவர் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது லேப்டாப் படுத்துவிட்டது. பித்தானை அமுக்கினால் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

வாரண்டி என்றைக்கோ முடிந்துவிட்டது, ஆனாலும் காசு கொடுத்தால் கம்பெனி ரிப்பேர் கடையில் சரிபண்ணித் தருவார்கள் என்றேன். அப்பா முகம் மாறிப்போனது.

"கண்ணு, குடுக்கறது பெரிசில்ல. குடுத்த சாமானே திரும்பி வரோணுமே?"

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் கிணற்று மோட்டார் புகைந்துபோய், துடியலூர்ப் பக்கம் ஒரு கடையில் புதிதாகக் கம்பி சுற்றிக் 'காயில்' கட்டக் கொடுத்தார். வந்த மோட்டார் ஒரு மாதம் தண்ணீர் இறைத்துவிட்டு மறுபடியும் புகைந்தது. பிரித்துப் பார்த்தால், செம்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம். பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் அதில் பச்சைப் பெயிண்டில் 'காரமடை' என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு காரமடைக்காரர் பாவம் அடையாளம் வைத்துக் கொடுத்த பேரிங் எங்கள் மோட்டாரில் ஓடியிருக்கிறது. எங்கள் பேரிங் எந்த ஊரில் ஓடியதோ!

அன்றிலிருந்து அப்பா யாரையும் நம்புவதில்லை. மோட்டார் போனால் இரும்பு நாற்காலியும் டிபன் கேரியருமாகக் கூடவே போய், காயில் கட்டி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். காரை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது ஸ்டெப்னி டயரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் விடுவார். கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போனால்கூடக் கடைக்காரர் மூக்குக்கும் அப்பா மூக்குக்கும் நடுவே கடிகாரம் ஒன்றுதான் இருக்கும்.

லேப்டாப்புக்கு ஒரு நாள் முழுக்க அடையாளம் வைத்தார். ஸ்க்ரூவுக்கெல்லாம் என் நெயில் பாலிஷ். காற்றுப் போகும் ஓட்டைக்குள் மஞ்சள் நூல். பேட்டரிக்கு அடியில் குங்குமம்.

"ஏங்கண்ணு, இதுல எது முக்கியமான சாமான்?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, இழுப்பறை மாதிரி ஹார்ட் டிஸ்க்கை வெளியே இழுத்துக் காட்டினேன். "என்ற உழைப்பெல்லாம் இதுக்குள்ளதானுங்கப்பா இருக்குது. இது போச்சுன்னா எல்லாம் போச்சுங்க."

"இத்தினியூண்டுதானா!" என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு நானே அதை உள்ளே தள்ளி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனேன்.

4

மறுநாள் சனிக்கிழமை. நான், அப்பா, எட்டு வயது மகள் நிவேதா, மூவரும் ரிப்பேர் கடைக்குப் போனோம். அப்பா கையில் டிபன் கேரியர். நிவேதா எங்களுக்குப் பத்தடி பின்னால், எங்களுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வந்தாள். அவள் பள்ளியில் படிக்கும் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமாம். அவளுக்கும் தாத்தாவுக்கும் பேச்சு நடந்ததே அதிசயம்தான். அவர் தமிழில் கேட்பார், இவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், இருவரும் திருப்தியாக எழுந்து போவார்கள்.

கடையில் இயன் என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு சீட்டை ஒட்டினார். நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அப்பா அவரிடம் நேராகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்களையச் சொல்லலீங்க. எங்கூர்ல மோட்டார் காயில் கட்டறதுக்குக் குடுத்தப்ப செம்பை எடுத்துப்போட்டு அலுமினியத்த வெச்சுட்டாங்க. அதுலருந்து நான் ரிப்பேருக்குக் குடுத்தா கூடவே உக்காந்துக்குவனுங்க. ஒரு சேர் போட்டீங்கன்னா நாம்பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துக்குவேன். சோறு கொண்டாந்திருக்கறேன். உங்களுக்கும் இருக்குதுங்க."

இயன் நிவேதாவைப் பார்த்தார். அவள் பத்தடி தூரத்தில் இருந்தபடியே இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள்: "தாத்தா உங்களை நம்பவில்லை."

அப்பா மலர்ந்த முகத்தோடு தலையாட்டினார்.

வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாது, அது விதி, தவிர வேலை முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார் இயன். அப்பா காத்திருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் கடை சாத்தும்வரை அசையவில்லை. தக்காளிச் சோற்றை அவர் திறந்தபோது அங்கே இருந்த இருவர் எழுந்து வேறு பக்கம் போனார்கள். இயன் மட்டும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கண்ணீரோடு நன்றி சொன்னார். காரம்.

அப்பா இவ்வளவு சுலபமாக அன்றைக்கு எழுந்து வந்தது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. மறுநாளும் போக வேண்டும் என்று அடம்பிடிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது கண்ணு, உடு" என்றார். வயசாகிவிட்டது, கொஞ்சம் பக்குவம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை விமானம். ஏர்போர்ட்டில் நான் அழுது தீர்த்தேன். அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் அழுததைப் பார்த்து என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

5

மூன்று வாரம் கழித்து லேப்டாப் வந்தது. கூடவே ஒரு கடிதம். மின்சாரப் பகுதி சரிசெய்யப்பட்டது. ஆனால் கருவியில் ஹார்ட் டிஸ்க் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மடித்த காகிதம் இருந்தது, அப்புறப்படுத்திவிட்டோம்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது அப்பாவின் மகளாக எழுந்தேன்.

லேப்டாப்பைக் கவிழ்த்து ஒவ்வோர் அடையாளமாகச் சோதித்தேன். அடிப்பக்கத்து நெயில் பாலிஷ் எல்லாம் விரிசல் விட்டிருந்தது, அவர்கள் திறந்து வேலை பார்த்திருக்கிறார்கள். டிஸ்க் இருக்கும் பக்கத்து ஸ்க்ரூவில் மட்டும் பாலிஷ் அப்படியே பளபளத்தது. அறிவுள்ள பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? திருடியது மட்டுமில்லாமல் அதே நிறத்தில் பாலிஷ் வாங்கிப் பூசியிருக்கிறார்கள், எவ்வளவு கைதேர்ந்த கூட்டம் என்று நினைத்தேன்.

இரண்டு பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். பத்து வருஷ இங்கிலீஷை அதில் கொட்டினேன். ஏமாற்றம், நம்பிக்கைத் துரோகம், காகிதத்தை அடைத்து வைத்த அவமானம் என்று மூன்று இடத்தில் அடிக்கோடு. உண்மையில் அழுகைதான் வந்தது. நாற்பது குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது? சங்கத் தலைவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்து மலர் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

பதிலும் வந்தது. புகாரைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்களாம். கருவியைப் பெற்றுக்கொண்ட ஊழியர், விசாரணை முடியும்வரை வேறு பணிக்கு மாற்றப்பட்டிருக்கிறாராம். நானே ஒருநாள் போய்ப் பார்த்தேன். இயன் பின்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மிஸஸ் சாமி, நான் எடுக்கவில்லை" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

6

ஞாயிற்றுக்கிழமை ஊரோடு பேசும் நாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர்தான் எடுத்தவுடன் கேட்டார்.

"கம்ப்யூட்டரு வந்துருச்சா கண்ணு?"

"வந்துருச்சுங்கப்பா." அதற்குமேல் அடக்க முடியவில்லை. "நீங்க சொன்ன மாதிரியே ஆகிப்போச்சுங்கப்பா. உள்ள இருந்த டிஸ்க்கைத் திருடிப்போட்டாங்க."

அப்பா குரலில் துளிப் பதற்றம் இல்லை.

"அதெப்புடி கண்ணு திருடுவான்? அது நம்மூட்டு பீரோவுலல்லொ இருக்குது!"

போனைக் காதோடு அழுத்தினேன். "எங்கீங்க?"

"பீரோவுல. உங்கம்மா நகைப் பெட்டிக்குப் பக்கத்துல. நீதான் சொன்னியே, இது போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு. அத எவனாச்சும் அடுத்தவங்கிட்டக் குடுப்பானா? நீ சமையக்கட்டுக்குப் போனப்ப கழட்டி எடுத்துப்போட்டு, ஆடாம இருக்கட்டும்னு காலண்டர் தாள மடிச்சு வெச்சனே. மறுக்கா பாலீசுகூடப் பூசிப்போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா!"

"சொன்னா நீ ஒத்துக்குவியா? அந்த வெள்ளைக்காரங்கிட்ட உம்மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். ஏர்போர்ட்டுல குடுத்துப்போட்டுச் சொல்லலாம்னு ஜோப்புலதான் வெச்சிருந்தேன். நீ அப்பிடி அழுதுட்டு நின்னியா, எனக்கு எல்லாம் மறந்துபோச்சு அம்மணி. இங்க வந்து சட்டையத் தொவைக்கப் போடறப்பத்தான் உங்கம்மா எடுத்தா. கம்ப்யூட்டரு வந்தப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஒண்ணும் கவலப்படாத. பத்திரமா இருக்குது. பேரு கூட வெட்டிப்போட்டேன்."

"என்னத்துலீங்கப்பா?"

"அதுலதான். பெரிய கடை வீதிக்கு உங்கம்மாவோட எவர்சில்வர் வாங்கப் போனேன். அப்பிடியே இதையும் குடுத்துப் பேரு வெட்டியாச்சு. தகடு நல்ல கெட்டியா இருக்குதுன்னு அந்தப் பையனே சொன்னான்."

ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்தில் பேர் வெட்டும்போது கிர்ர்ர் என்று பல் டாக்டர் மிஷின் மாதிரி அதிரும் அந்த ஊசியை ஒரு ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் வைப்பது, தூங்குகிற குழந்தையின் தொட்டிலில் நெல் குத்துவது மாதிரி. என் 'ஞ' இருக்கிறதா செத்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

7

முதல் வேலையாக மறுநாள் காலை கடைக்குப் போனேன். புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. வாபஸ் வாங்கக் காரணம் என்று பெரிய கட்டம், பத்து வரி எழுதலாம். நான் வெகுநேரம் யோசித்து 'என் அப்பா' என்று மட்டும் எழுதினேன்.

இயனைக் கூப்பிட்டார்கள். அவரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். செம்பு, அலுமினியம், காரமடை பேரிங், காலண்டர் தாள், பீரோ. மன்னிப்பும் கேட்டேன். ஒரு நல்ல மனுஷரைத் திருடன் என்று எழுத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். அவர் படிவத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"எனக்கும் ஒருத்தர் இருக்கிறார்," என்றார். "எண்பத்திரண்டு வயது. வீட்டுக்கு மின்சாரக்காரர் வந்தால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்."

டிஸ்க்கைத் தபாலில் அனுப்ப அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தபாலில் மாறிப்போய்விடுமாம். விடுமுறைக்கு வந்திருந்த அவிநாசிக்காரர் ஒருவர் எங்களுக்குப் பக்கத்து ஊரான பர்மிங்ஹாம் திரும்பும்போது கொடுத்தனுப்பினார். பஞ்சில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு வந்தது. டப்பாவிலும் பேர் வெட்டியிருந்தது, மூடியிலும் தனியாக வெட்டியிருந்தது. டப்பாவும் மூடியும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் என்ன செய்வது!

பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. திறக்காமல் அப்படியே இயனிடம் கொண்டுபோனேன். பழையபடி தன் மேஜைக்கு வந்திருந்தார். டிஸ்க்கை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன எழுத்து?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். சின்னச் சின்னப் புள்ளியாக, கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவதுபோலவே வெட்டியிருந்தது: ரா. சாந்தாமணி, பெ.நா.பாளையம்.

மிஸஸ் பழனிசாமி இல்லை. மிஸஸ் சாமி இல்லை. நான் பத்து வருஷமாக எந்தப் படிவத்திலும் எழுதாத அந்த 'ரா' முதலில் நின்றது. "என் பேர்," என்றேன். "முதல் எழுத்து அப்பாவுடையது."

இயன் டிஸ்க்கை உள்ளே தள்ளிப் பித்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. ஆட்டுக்கல் அரைக்க ஆரம்பித்தது. அரைத்துக்கொண்டே இருந்தது. நான் மருதமலை முருகனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். திரையில் என் மலர் வந்தது. எழுத்தெல்லாம் இருந்தது, 'ஞ' உட்பட. கடையில் எல்லோருக்கும் முன்னால் இயன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். மலர் பிழைத்ததா என்று அவர் கேட்கவில்லை.

"பேரு அப்பிடியே இருக்குதா, பாத்தியா? மாத்திப்போட்டாங்களா?"

"அப்பிடியே இருக்குதுங்கப்பா."

"அதானே!"

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, அச்சான மலர் ஒன்றைக் கொடுக்கப் போனபோது இயன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு தோல் உறையை நீட்டினார். உள்ளே ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளிகள் பன்னிரண்டு. கூட வேலை செய்கிறவர்கள் நல்லதை எடுத்துக்கொண்டு மொக்கையை வைத்துவிடுகிறார்களாம், முப்பது வருஷமாக. உங்கள் அப்பாவால் இதிலும் எழுதித் தர முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு. "இனிஷியல் என்னன்னு கேட்டுச் சொல்லு கண்ணு. இனிஷியல் இல்லாத பேர வெட்டறதும் ஒண்ணு, வெட்டாததும் ஒண்ணு."

இயனிடம் அவர் அப்பா பெயரைக் கேட்டேன். ஹரால்ட் என்றார். எதற்கு என்று கேட்டார். வந்தபிறகு காட்டுகிறேன் என்று சொல்லி, ஊருக்குப் போகிறவர் ஒருவர் கையில் திருப்புளிகளைக் கொடுத்தனுப்பினேன்.

சித்திரையில் திருப்புளிகள் திரும்பி வந்தன. பன்னிரண்டின் தண்டிலும், தோல் உறையின் பித்தளைப் பித்தானிலும் தமிழில் வெட்டியிருந்தது: ஹ. இயன், கவென்ட்ரி. நான் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினேன். முதல் எழுத்து உங்கள் அப்பாவுடையது என்றபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சாயங்காலம் கிழவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றார்.

அதற்கப்புறம் ஒரு திருப்புளிகூட மாறவில்லையாம்.